மூக்கு பெரிதாகவில்லை, கைபேசி பக்கத்தில் வந்துவிட்டது

வாசகர் கேள்வி – பதில்

கைபேசியில் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்வது பற்றி ஐயங்கள் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘முகம் சரியாக வரவில்லை’ என்ற ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. எந்தக் கைபேசி வாங்கலாம் என்று கேட்டவர்களின் கடிதத்தைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். தூரமும் வெளிச்சமும் சரியாக அமைந்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வேலையிருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: கண்ணாடியில் பார்க்கும்போது என் முகம் எனக்குப் பிடித்தமாகவே இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் மட்டும் மூக்கு பருத்து, காதுகள் பின்னுக்குப் போய், யாரோ போலத் தெரிகிறேன். என் அக்கா அதே கைபேசியில் எடுத்துக் கொடுத்தால் இப்படி வருவதில்லை. குறை கைபேசியிலா, என் முகத்திலா?
– ஒரு வாசகி, கத்ர் போர்ன்

பதில்: இரண்டிலும் இல்லை. உங்கள் அக்கா நிற்கும் தூரத்துக்கும் உங்கள் கை எட்டும் தூரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இது. அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் பதிவாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் முகம் தட்டையான தாள் அன்று, அதற்குள்ளேயே அருகும் தொலைவும் இருக்கின்றன என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. மூக்கின் நுனியிலிருந்து காது வரை 12 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கும். அப்போது மூக்கு எந்த அளவில் பதிவாகிறதோ அதில் 71 விழுக்காட்டு அளவில்தான் காது பதிவாகும். கையை நன்றாக நீட்டி 60 சென்டிமீட்டர் ஆக்கினால் அது 83 ஆகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் ஏறத்தாழ 93. அக்கா நிற்பது அந்த ஒன்றரை மீட்டர் பக்கம். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் உங்களைப் பார்ப்பதும் ஏறக்குறைய அதே தூரத்திலிருந்துதான்.

இது வெறும் கணக்கு அன்று. செல்ஃபியைக் காட்டி ‘என் மூக்கைச் சிறிதாக்கித் தாருங்கள்’ என்று கேட்டு வந்தவர்களைக் கண்ட அமெரிக்க முக அறுவை மருத்துவர் ஒருவர், ரட்கர்ஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2018-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார். ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தைவிட 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரிகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இல்லாத ஒரு குறைக்காகக் கத்தியைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இந்தச் சிறு கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

செய்ய வேண்டியது இதுதான்: திரை முழுவதையும் முகத்தால் நிரப்ப வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். கையை முழுவதும் நீட்டி, தோளும் மார்பும் தெரியும்படி எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினாலும் 3 மெகாபிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கைபேசித் திரையில் பார்க்கவும் அது தாராளம். கை போதவில்லை என்றால் செல்ஃபி ஸ்டிக் இருக்கிறது. அதைக் கேலி செய்கிறவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஜப்பானில் மினோல்டா நிறுவனத்தார் 1980-களிலேயே காப்புரிமை பெற்ற கருவி அது. எல்லாவற்றையும்விட நல்ல வழி, கைபேசியைச் சன்னல் கட்டையிலோ அலமாரியிலோ சாய்த்து வைத்து, டைமரைப் பத்து நொடிக்கு அமைத்து, ஐந்தடி தள்ளி நிற்பது. அப்படி வைக்கும்போது பின்பக்கக் கேமராவையே பயன்படுத்தலாம். பெரும்பாலான கைபேசிகளில் முன்பக்கத்தைவிட அதுவே தரம் கூடியது.

ஓர் எச்சரிக்கை. ‘கைபேசியை உயரத் தூக்கி மேலிருந்து எடுத்தால் முகம் மெலிந்து தெரியும்’ என்ற யோசனை எல்லோருக்கும் மனப்பாடம். மேலே தூக்கும்போது நெற்றி கேமராவுக்கு அருகில் வருகிறது, தாடை விலகுகிறது. முன்பு மூக்கு பெற்ற பருமனை இப்போது நெற்றி வாங்கிக்கொள்கிறது. கண் மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே இருந்தால் போதும். பார்வை திரையில் தெரியும் உங்கள் முகத்தின்மேல் இல்லாமல், அந்தச் சிறிய லென்ஸின்மேல் இருக்கட்டும்.

கேள்வி: முகப்படம் எடுக்க வடக்குப் பார்த்த சன்னலுக்கு அருகில் நிற்க வேண்டும் என்று யூடியூபில் பலர் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு வடக்குச் சன்னலில் நின்றால் வெயிலில் கண் கூசி, பாதி முகம் வெளுத்து, பாதி முகம் கறுத்துப் போகிறது. நான் எதைத் தவறாகச் செய்கிறேன்?
– ஒரு வாசகர், ரோஸ் ஹில்

பதில்: நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. அந்த யோசனை பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு உரியது. ஐரோப்பிய ஓவியர்கள் தம் கூடங்களுக்கு வடக்குச் சன்னல் வைத்துக் கட்டினார்கள்; அங்கே சூரியன் தெற்கு வானத்தில் செல்வதால், வடக்குச் சன்னலில் நேர் வெயில் விழாமல் வானத்தின் மென்மையான வெளிச்சம் மட்டும் நாள் முழுவதும் சீராக வரும். நம் மொரீஷியஸ் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் நமக்கு உச்சிச் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் மாதத்தில் நண்பகலிலும் அது 48 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே உங்கள் வடக்குச் சன்னலுக்குள் நேரே வந்து விழுகிறது.

நமக்கு வேண்டியது தெற்குச் சன்னல். மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை, தெற்குப் பார்த்த சன்னலில் காலையானாலும் மாலையானாலும் நேர் வெயில் விழாது. கோடையில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்: அந்த மாதங்களில் சூரியன் கிழக்குக்குத் தெற்கே எழுந்து மேற்குக்குத் தெற்கே மறைவதால், விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் அந்தச் சன்னலுக்குள் வெயில் வரும். வீட்டில் தெற்குச் சன்னலே இல்லை என்றால், இருக்கிற சன்னலில் மெல்லிய வெள்ளைத் திரையைத் தொங்கவிடுங்கள். வெயில் துணியில் பட்டுப் பரவி வரும்.

சன்னல் கிடைத்தபின் எப்படி நிற்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் கைபேசி வெளிச்சத்தையே பார்த்து உங்கள் முகத்தை இருட்டாக்கிவிடும். நேர் எதிரே நின்றால் முகம் முழுவதும் ஒரே சீராக, மேடுபள்ளம் இல்லாமல் தெரியும். அடையாள அட்டைக்கு அது சரி. சன்னலை நேரே பார்த்து நின்றுகொண்டு, பிறகு ஒரு பக்கமாகக் கால்பங்கு திரும்பிப் பாருங்கள். ஒரு கன்னம் நல்ல வெளிச்சத்திலும் மறு கன்னம் லேசான நிழலிலும் இருக்கும். மூக்கின் நிழல் உதட்டைத் தொடாமல் நிற்கும். முகத்துக்கு வடிவம் கொடுப்பது அந்த லேசான நிழல்தான். மறுபக்கம் அதிகமாக இருண்டால், ஒரு வெள்ளைத் துண்டை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். அதில் பட்டு எழும் வெளிச்சம் தாடையின் அடியையும் கண்ணின் கீழ்ப்பகுதியையும் நிரப்பும். ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் மர நிழலில் எடுக்கும் படங்கள் எதனால் நன்றாக வருகின்றன என்று கேட்டால், வெளியே கிடக்கும் வெள்ளை மணல் அந்தத் துண்டின் வேலையைச் செய்கிறது என்பதுதான் பதில்.

வீட்டுக்குள் இரவில் எடுப்பவர்கள் கூரையின் நடுவில் உள்ள விளக்குக்கு நேர் கீழே நிற்பதைத் தவிர்க்கவும். கண்குழியில் நிழல் விழுந்து தூக்கமில்லாதவர் போலக் காட்டும்.

கேள்வி: சேலை கட்டிச் செல்ஃபி எடுத்தேன். திரையில் பார்த்தபோது அழகாக இருந்தது. சேமித்த படத்தில் என்னவோ முகம் கோணலாகத் தெரிகிறது. தங்கையின் கைபேசியில் எடுத்தால் முகம் சரியாக இருக்கிறது, ஆனால் முந்தானை வலத் தோளில் வந்துவிடுகிறது. இது என்ன மாயம்?
– ஒரு வாசகி, திரியோலே

பதில்: எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடிப் பிம்பம். படத்தைச் சேமிக்கும்போது சில கைபேசிகள் அதை நேராகத் திருப்பி, பிறர் கண்ணுக்குத் தெரிகிறபடி வைக்கின்றன. சில, கண்ணாடிப் பிம்பத்தையே வைத்துக்கொள்கின்றன. உங்களுடையது முதல் வகை, தங்கையுடையது இரண்டாம் வகை. கேமராவின் செட்டிங்ஸுக்குள் முன்பக்கப் படத்தைக் கண்ணாடிபோல் சேமிக்கலாமா என்று கேட்கும் ஒரு பொத்தான் இருக்கும். ஐபோனிலும் சாம்சங்கிலும் உண்டு. சேலை, மூக்குத்தி, கோவில் பெயர்ப்பலகை இவை படத்தில் வருமானால் நேராகச் சேமிப்பதே முறை. கண்ணாடிபோல் சேமித்தால் முந்தானை தோள் மாறும், மூக்குத்தி பக்கம் மாறும், பலகையில் உள்ள தமிழை யாராலும் படிக்க முடியாது.

முகம் கோணலாகத் தெரிவது பழக்கத்தால் வருவது. யாருடைய முகத்திலும் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. உங்கள் முகத்தை நீங்கள் நாள்தோறும் பார்ப்பது கண்ணாடியில் திரும்பிய வடிவில். அமெரிக்க உளவியலாளர்கள் 1977-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெண்களுக்குத் தம் படத்தின் கண்ணாடி வடிவமும், அவர்களுடைய நெருங்கிய நண்பர்களுக்கு அதே படத்தின் நேர் வடிவமும் அதிகம் பிடித்திருந்தன. எனவே உங்களுக்குக் கோணலாகத் தெரியும் அந்தப் படத்தைத்தான் உங்கள் தங்கை ‘நன்றாக இருக்கிறது’ என்பார். அவர் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. அவள் எடுக்கும் எந்தப் படத்திலும் அவள் நிறம் அவள் நிறமாக இல்லை. ஃபில்டர் போடவில்லை என்கிறாள். ஆனால் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. திட்டாமல் எப்படிச் சொல்வது?
– ஒரு தாய், போர்ட் லூயிஸ்

பதில்: மகள் சொல்வது உண்மையாக இருக்கலாம், அம்மா. பல கைபேசிகளில் முன்பக்கக் கேமராவைத் திறந்தவுடனேயே தோலை வழவழப்பாக்கி நிறத்தைக் கூட்டும் வசதி தானாக இயங்குகிறது. வாங்கிய நாளிலிருந்தே அது அப்படி இருந்திருக்கும். முன்பக்கக் கேமராவைத் திறந்து, மந்திரக்கோல் போன்றோ, முகம் போன்றோ உள்ள குறியைத் தொட்டால், தோல், நிறம், தாடை, கண் என்று அளவுகள் வரும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சுழியத்துக்குக் கொண்டுவந்து, ஒரு படம் எடுத்து, பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புருவத்தின் மயிர்களும் மேலுதட்டின் மெல்லிய ரோமமும் கன்னத்துச் சிறு மச்சமும் திரும்பி வந்திருக்கும். அதற்குமேல் சொல்ல வேண்டியது இருக்காது.

இதில் மகளைக் குறைசொல்லிப் பயனில்லை என்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஃபிலிம் காலத்தில் படம் கழுவும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க, வெள்ளை இனப் பெண் ஒருவரின் படம் அச்சிட்ட அட்டையைத்தான் அளவாக வைத்திருந்தன. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரியாக வந்ததாகக் கணக்கு. நம் வீடுகளில் உள்ள பழைய கல்யாண ஆல்பங்களில் பாட்டிகளின் முகம் வெறும் கறுப்பாகவும் பற்கள் மட்டும் வெள்ளையாகவும் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு. கூகுள் நிறுவனம் 2021-இல் பிக்சல் 6 கைபேசியில் கருநிற முகங்களையும் உள்ளபடி காட்டும் ஏற்பாட்டைத் தனிப் பெயரிட்டு அறிவித்தது என்றால், அதுவரை நிலைமை எப்படி இருந்தது என்று விளங்கும்.

கருநிற முகத்தை உள்ள நிறத்தில் எடுக்க வழி எளிது. பளிச்சென்ற வெள்ளைச் சுவரைப் பின்னால் வைக்க வேண்டாம். கைபேசி சுவரின் வெண்மையைக் குறைப்பதற்காக முகத்தையும் சேர்த்து இருட்டாக்கும். பச்சைச் செடி, செங்கல், நீலக் கதவு இவை நல்ல பின்னணி. திரையில் முகத்தைத் தொட்டால் அந்த இடத்துக்கு ஏற்ப வெளிச்சம் அமையும். சற்று அழுத்திப் பிடித்தால் பல கைபேசிகளில் அது அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலும் கீழும் நகர்த்திக் கூட்டிக் குறைக்கலாம். நெற்றியில் திருநீறு இருந்தால் நெற்றியைத் தொடாதீர்கள், கன்னத்தைத் தொடுங்கள். திருநீற்றைத் தொட்டால் கைபேசி அந்த வெண்மையையே முகமென்று எண்ணி மற்ற எல்லாவற்றையும் கறுக்க வைத்துவிடும். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் மினுமினுத்தால் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தால் போதும், பவுடர் வேண்டியதில்லை.

கேள்வி: தைப்பூசக் காவடியன்று குடும்பத்தோடு எடுக்கும் படங்கள் ஆண்டுதோறும் கெட்டுப்போகின்றன. கண்களே தெரிவதில்லை, முகமெல்லாம் ரோஜா நிறமாக இருக்கிறது. காவடி எடுப்பவர்களோடு நின்று செல்ஃபி எடுப்பது முறையா என்றும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கத்ர் போர்ன்

பதில்: முதலில் வெயில். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இருமுறை: நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஜனவரி மூன்றாம் வாரத்தை ஒட்டியும். தைப்பூசம் விழுவது ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ. அதாவது, ஆண்டிலேயே முகப்படத்துக்குப் பொல்லாத உச்சி வெயிலில்தான் நாம் கோர் த கார்ட் மலைக்கோவிலுக்கு ஏறிக்கொண்டிருக்கிறோம். தலைக்கு மேலிருந்து விழும் வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும்; எந்தக் கைபேசியாலும் அதைச் சரிசெய்ய இயலாது. காலையில் ஊர்வலம் புறப்படுமுன் எடுத்துவிடுங்கள். தவறினால் மாமரத்தடியிலோ பந்தலின் ஓரத்திலோ நின்று, முகம் வெளிப்புறத்தைப் பார்க்கும்படி எடுங்கள். நிழலின் உட்புறத்தில் இல்லாமல் விளிம்பில் நிற்பது முக்கியம்.

ரோஜா நிறம் உங்கள் உடையிலிருந்து வருகிறது. காவடி நாளில் நம்மில் பலர் உடுத்தும் அந்த அடர் ரோஜா நிறத் துணியில் வெயில் பட்டுத் தெறித்து, தாடையின் அடியிலும் கழுத்திலும் அதே நிறத்தைப் பூசுகிறது. நிழலுக்கு வந்தவுடன் அது பெரும்பகுதி அடங்கிவிடும். பந்தல் துணியும் ரோஜா நிறமாக இருந்தால் அதன்கீழ் நிற்க வேண்டாம், மரத்தடிக்குப் போங்கள்.

முறையைப் பற்றிக் கேட்டீர்கள். நோன்பிருந்து அலகு குத்திக்கொண்டவர் வாய் திறந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். அவர் தோளருகே முகத்தை நீட்டிப் படம் எடுப்பது எந்த வகையிலும் தகாது. அவருடைய வீட்டார் கூடவே நடந்து வருவார்கள், அவர்களைக் கேட்கலாம். அதைவிட, அலகு எடுத்து, பால் செலுத்தி, அவர் வெளியே வந்து உட்கார்ந்தபிறகு அவரையே கேட்பது நல்லது. வழியில் நின்று கையையோ குச்சியையோ நீட்டினால் காவடியின் மயிற்பீலியும் பூவலங்காரமும் சிக்கிக்கொள்ளும். கருவறையைப் பின்னணியாக்கி, சாமிக்கு முதுகு காட்டி எடுக்கும் செல்ஃபியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கேள்வி: வருஷப் பிறப்பன்று வீட்டில் இருபது பேர் கூடுவோம். வாழையிலையில் ஏழு கறி பரிமாறி எல்லோரும் உட்கார்ந்தபின் செல்ஃபி எடுத்தால், கைபேசி பிடிப்பவர் தலை மட்டும் பெரிதாகவும், ஓரத்தில் இருப்பவர்கள் இழுத்த ரப்பர்போலவும் தெரிகிறார்கள்.
– ஒரு வாசகி, கியூர்ப்பிப்

பதில்: வரிசையாக உட்கார்ந்த பந்தியை அதன் முனையிலிருந்து செல்ஃபியாக எடுப்பது இயலாத காரியம். முதல் ஆள் அரைமீட்டரிலும் கடைசி ஆள் ஐந்து மீட்டரிலும் இருந்தால் அவர்கள் ஒரே அளவில் வரவே முடியாது. அகலக் கோண லென்ஸுக்குப் போனால் படத்தின் ஓரங்கள் இழுபடும். அங்கே மாட்டிக்கொள்வது எப்போதும் பெரிய அத்தைதான். பந்திக்கு எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலியின்மேல் கைபேசியைப் பின்பக்கக் கேமரா தெரியும்படி நிறுத்தி, டைமரை வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இருபுறமும் ஒரு கை அகலம் இடம் விட்டு எடுத்தால், இழுபடும் ஓரத்தில் ஆளே இருக்க மாட்டார்கள்.

கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் பந்தி முடிந்தபின் எடுங்கள். நீண்ட கை உடையவர் பிடிக்கட்டும். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நிற்காமல் அவருக்கு இருபுறமும் பிறை வடிவில் நெருங்கி நிற்கட்டும். குழந்தைகளை முன்னே விடுங்கள், அவர்கள் முகம் சற்றுப் பெரிதாக வந்தால் யாரும் வருந்தப் போவதில்லை. கைபேசியைக் குறுக்காகப் பிடிக்கும்போது லென்ஸ் ஒரு பக்கம் போய்விடும் என்பதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லையேல் இருபது பேரும் ஒரே திசையில் எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் வரும். கண் மூடியவர்கள் எப்படியும் இருப்பார்கள், நான்கைந்து படங்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபது கடந்துவிட்டது. இந்தியாவில் இருக்கும் பேத்திக்குப் படம் அனுப்ப ஆசை. கை நடுக்கத்தால் பொத்தானைத் தொடும்போதே படம் கலங்கிவிடுகிறது.
– ஒரு பெரியவர், மஹேபூர்

பதில்: ஐயா, திரையில் உள்ள பொத்தானைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கைபேசியின் பக்கவாட்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலான கைபேசிகளில் படம் விழும். சாம்சங் போன்ற சிலவற்றில் உள்ளங்கையை லென்ஸுக்குக் காட்டினால் சில நொடிகளில் தானே எடுத்துக்கொள்ளும். தங்களுக்கு நான் சொல்வது மூன்று நொடி டைமர்: பொத்தானைத் தொட்டுவிட்டு, கைபேசியை இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் அந்த மூன்று நொடிக்குள் நடுக்கம் பெரிதும் அடங்கிவிடும். காலை ஒன்பது மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து எடுங்கள். வெளிச்சம் மிகும்போது கேமரா கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகவே திறந்து மூடுவதால், இருட்டில் கலங்குகிற கை பகலில் கலங்குவதில்லை. மூக்குக்கண்ணாடியில் சன்னல் தெரிந்தால் தாடையைச் சற்றே தாழ்த்துங்கள், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். பேத்திக்குத் தெரிந்த தாத்தா கண்ணாடி போட்டவர் அல்லவா?

கேள்வி: கிரி கிரி பாறை விளிம்பில் நின்று, பின்னால் அலை எழும்பும்போது எடுக்கச் சிறந்த கோணம் எது?
– ஒரு மாணவர், சுய்யாக்

பதில்: சிறந்த கோணம், புல்தரையில் நின்று எடுப்பது. நம் தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளத்திட்டு அரண்போல் நிற்கிறது. கிரி கிரியில் அது இல்லை. தென்கடலின் அலை எதிலும் முட்டாமல் நேரே பாறைக்கு வருகிறது, எந்த அலை பெரியது என்று கரையில் நிற்பவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. செல்ஃபி எடுப்பவரோ கடலுக்கு முதுகு காட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் காலெடுத்து வைக்கிறார். இந்திய மருத்துவ ஆய்வாளர்கள் உலகச் செய்தித்தாள்களைத் தேடித் தொகுத்ததில், 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கும்போது 137 நிகழ்வுகளில் 259 பேர் இறந்ததாகக் கணக்கு வந்தது. இறந்தவர்களின் சராசரி வயது 23-க்கும் குறைவு, காரணங்களில் முதலிடம் நீரில் மூழ்கியது. நண்பர் ஒருவரை முப்பது அடி தரைப்பக்கமாகத் தள்ளி நிறுத்தி, அவர் கைபேசியில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து உங்களையும் அலையையும் எடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள். தூரத்திலிருந்து ஜூம் செய்யும்போது பின்னால் உள்ள அலை நெருங்கிப் பெரிதாகத் தெரியும். கையில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் அதே அலை வெறும் வெள்ளைக் கோடாகத்தான் வரும்.

கேள்வி: உலகில் முதன்முதலில் செல்ஃபி எடுத்தவர் யார்?
– ஒரு பள்ளி மாணவி, பாம்பிள்மூஸ்

பதில்: இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது, 1839-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் என்பவர் தம்மையே எடுத்துக்கொண்ட படம். கலைந்த தலைமுடியோடு, படத்தின் நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி நிற்பார். அவர் குடும்பத் தொழில் விளக்குச் செய்வது. விளக்குக் கடைக்காரரே தம் படத்துக்காகக் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்தார் என்பதை, மேலே ரோஸ் ஹில் வாசகருக்குச் சொன்னதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செல்ஃபிக்கு எந்தக் கைபேசி வாங்கலாம்?
– பலர்

பதில்: இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முன்பக்க லென்ஸை மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். பேசும்போது கன்னமும், சட்டைப்பையில் வியர்வையும் பட்டுப் பட்டு அதன்மேல் ஓர் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும், விளக்குகளைச் சுற்றிப் புகைபோல் தெரிவது அதனால்தான். அதன்பின்னும் வாங்கியே ஆக வேண்டும் என்றால், மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்க்காமல், முன்பக்கக் கேமராவில் ஆட்டோஃபோகஸ் (தூரத்துக்கு ஏற்பத் தானாகத் தெளிவை அமைத்துக்கொள்ளும் வசதி) உண்டா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பல கைபேசிகளில் அது இல்லை. ஐபோனிலேயே 2022-இல் வந்த 14-ஆம் வரிசையில்தான் அது முன்பக்கத்துக்கு வந்தது. அது இருந்தால் கைபேசியை ஐந்தடி தள்ளி வைத்தாலும் கண்ணிமை தெளிவாக வரும். இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து முழங்கை உயர ட்ரைபாட் ஒன்றை வாங்கி, பழைய கைபேசியின் பின்பக்கக் கேமராவை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.